வெக்கையைப் படித்தவர்தான் அசுரனைப் பேச வேண்டுமா?

எங்கள் படிப்பு வட்டத்தில் சில மாதங்களுக்கு முன் 'அசுரன்' படத்தைத் திரையிட்டோம். 2019 அக்டோபரில் வந்த படம். கூடியிருந்தவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே பார்த்தவர்கள்தான். படம் முடிந்ததும் முதலில் பேச எழுந்தவர் கல்லூரி ஆசிரியராக இருக்கும் ஒரு தோழர். பூமணியின் 'வெக்கை' நாவலைப் பலமுறை படித்தவர். இருபது நிமிடம் பேசினார். நாவலில் இது இல்லை, அது வேறு மாதிரி இருக்கிறது, இயக்குநர் இதைச் சேர்த்துக் கெடுத்தார், அதை விட்டுக் கெடுத்தார் என்று ஒரு பட்டியல். அவர் சொன்னதில் ஒன்றுகூடத் தகவல் பிழை கிடையாது. ஆனால் அவர் உட்கார்ந்த பிறகு அறையில் யாரும் வாய் திறக்கவில்லை. நாவலைப் படிக்காதவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பின்வரிசையில் இருந்த ஓர் அம்மா, கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போகிறவர், கையைத் தூக்கினார். "நான் அந்தப் பொஸ்தகம் படிக்கல. படம் மட்டும்தான் பாத்தேன். நான் பேசலாமா, இல்ல படிச்சிட்டு வந்துதான் பேசணுமா?"

பேசச் சொன்னோம். செருப்பைப் பற்றிப் பேசினார். அவருடைய அம்மா ஊருக்குள் போகும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு தெருவைத் தாண்டுவாராம். பின்னாலேயே நடந்த இவர், சின்னப் பிள்ளையாக, அதைப் பார்த்திருக்கிறார். மாரியம்மாளின் தலையில் செருப்பைத் தூக்கிவைத்து நடக்க வைக்கும் காட்சியில் தம்மால் திரையைப் பார்க்க முடியவில்லை என்றார். அதன்பின் ஒரு கேள்வி கேட்டார்: "அந்தப் பிள்ளைய எரிச்ச பொறவு படம் அவள மறந்து போச்சே, அது ஏன்?"

அன்று கேட்ட விமர்சனங்களில் ஆகச் சிறந்தது இதுதான். இதற்கான பதில் 'வெக்கை'யில் கிடைக்காது. மாரியம்மாளே படத்துக்காக உருவாக்கப்பட்டவள். நாவலைக் கையில் வைத்துக்கொண்டு படத்தை அளந்தவருக்கு 'இவள் நாவலில் இல்லை' என்பதோடு வேலை முடிந்துவிடுகிறது. படத்தைப் படமாகப் பார்த்தவருக்குத்தான் அவளுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்கத் தோன்றுகிறது.

ஒரு படத்தை அதன் மூல நாவலிலிருந்து பிரித்து மதிப்பிடுவது ஏதோ இலக்கிய ரசனை பற்றிய சண்டை என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். அன்றைக்கு அந்த அறையில் நிலவிய மௌனத்தைப் பார்த்தபிறகு அப்படி நினைக்க முடியவில்லை. 'மூலத்தைப் படித்துவிட்டு வா' என்பது இந்த நாட்டில் யார் யாரை நோக்கிச் சொன்ன சொல் என்பது நமக்குத் தெரியாததா? படிக்கவே கூடாதென்று தடுத்து வைத்தவர்கள்தாம் பின்னாளில் 'படிக்காமல் பேசாதே' என்றார்கள். நம் தோழர் அந்த எண்ணத்தில் பேசவில்லை, நாவல் மீதுள்ள அன்பில் பேசினார். ஆனாலும் அறையில் விளைந்தது அதே மௌனம்.

முதலில் இரண்டும் எந்த அளவுக்கு வேறுவேறு என்பதைப் பார்த்துவிடுவோம்.

'வெக்கை' 1982இல் வெளிவந்தது. பதினைந்து வயதுச் சிதம்பரம், தன் அண்ணனின் சாவுக்குக் காரணமான நிலக்கிழாரை வெட்டிக் கொன்றுவிடுகிறான். கையை மட்டும் துண்டிப்பதுதான் அவன் எண்ணம். விழுந்ததோ உயிர். நாவல் அங்கேதான் தொடங்குகிறது. பிறகு அப்பனும் மகனும் காடு, ஓடை, மலையடிவாரம் என்று மறைந்து திரிகிறார்கள். எதைச் சாப்பிடுவது, எங்கே தூங்குவது, யாரை நம்புவது என்பதுதான் பக்கங்களை நிறைத்திருக்கிறது. போகிற போக்கில், பேச்சில், நிலத்தைப் பிடுங்க நடந்த முயற்சிகளும் அண்ணனின் சாவும் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவருகின்றன. கொலை செய்த பிள்ளையை அந்த அப்பன் அடிப்பதில்லை, தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுவதுமில்லை. பசிக்குமே என்று கவலைப்படுகிறான். கடைசியில் இருவரும் நீதிமன்றத்தில் சரணடைய நடக்கிறார்கள். சாதியின் பெயர் நாவலில் எங்கும் வராது.

வெற்றிமாறனின் படத்தில் அந்த அப்பன் சிவசாமி ஆகிறான். தனுஷ் நடிப்பதால் கதையின் நடுவிடம் பையனிடமிருந்து அப்பனிடம் வந்துவிடுகிறது. கோழை என்றும் குடிகாரன் என்றும் பெற்ற பிள்ளைகளே நினைக்கும் ஒருவன். மூத்த மகனைச் சிறையிலிருந்து மீட்க ஊரில் ஒவ்வொருவர் காலிலும் விழுகிறவன். அவனுக்கு ஒரு கடந்த காலம் இருக்கிறது: சாராயம் காய்ச்சிய இளமை, மாரியம்மாள், செருப்பு, பஞ்சமி நில மீட்புக்கான இயக்கம், குடிசைகளில் வைத்த தீ. அந்தப் பகுதி மொத்தமும் திரைக்காக எழுதப்பட்டது. முடிவும் வேறு. படத்தில் கொலைப்பழியை அப்பன் ஏற்றுக்கொள்கிறான். மகனைப் படிக்கச் சொல்லிவிட்டு நீதிமன்றத்துக்குள் போகிறான்.

பெயரே போதும், வேறுபாடு தெரிய. வெக்கை என்பது காற்றில் இருப்பது. ஊரில் உள்ள எல்லோர் மேலும் படுவது, யாருக்கும் சொந்தமில்லாதது. அசுரன் என்பது ஓர் ஆள். அந்தச் சொல்லுக்கு நம் மண்ணில் ஒரு வரலாறு இருக்கிறது என்பது உண்மை. தேவர்களின் பக்கம் நின்று சொல்லப்பட்ட கதையை அசுரர்களின் பக்கம் நின்று திருப்பிச் சொன்ன மரபு திராவிட இயக்கத்துடையது. புலவர் குழந்தையின் 'இராவண காவியம்' 1946இல் வந்தது. படம் அந்த மரபிலிருந்து தன் பெயரை எடுத்துக்கொள்கிறது. நாவலின் பெயருக்கு அதோடு எந்த உறவும் இல்லை. இரண்டு பெயர்கள் இரண்டு திசைகளைக் காட்டும்போது ஒன்றை மற்றொன்றின் நகல் என்று வைத்துப் பேசினால் இரண்டையுமே தவறவிடுவோம்.

இப்படிக் குழப்புவதால் ஆதாயம் அடைகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இரண்டு வகை.

முதல் வகையினர் படம் வந்த புதிதில் நிறையக் கிளம்பினார்கள். 'வெக்கையில் சாதியே இல்லை, அது நிலத் தகராறும் பழிவாங்கலும்தான், இயக்குநர்தான் சாதியைத் திணித்துவிட்டார்' என்றார்கள். இவர்களில் எத்தனை பேர் அதற்கு முன் பூமணியைப் படித்திருப்பார்கள் என்பது வேறு விஷயம். நாவலின் மீது திடீரென்று பொங்கிய இந்த விசுவாசத்தின் நோக்கம் ஒன்றே ஒன்று: பஞ்சமி நிலம், செருப்பு, எரிக்கப்பட்ட குடிசை என்ற மூன்றையும் திரையிலிருந்து அழிப்பது. 'மூலத்துக்கு உண்மையாக இல்லை' என்பது இங்கே ஒரு கண்ணியமான முகமூடி. நாவலில் சாதிப் பெயர் இல்லை என்பதால் சாதியே இல்லை என்று ஆகிவிடாது. ஒரு சிறு துண்டு நிலத்தை வைத்திருப்பதற்காக ஒரு குடும்பம் ஏன் பிள்ளையைப் பறிகொடுக்க வேண்டும் என்ற கேள்விக்குக் கரிசல் காட்டில் பிறந்த எவருக்கும் அகராதி தேவைப்படாது. இருந்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பெயர் சொல்லாத அந்த மௌனம்தான் இவர்களுக்கு இடம் கொடுத்தது. அது நாவலிடம் கேட்கவேண்டிய கேள்வி. நாவலைப் பேசும்போது அதைத் தயங்காமல் கேட்கலாம்.

இரண்டாம் வகையினர் நம் பக்கம் இருப்பவர்கள். படத்தைப் பற்றி நாம் ஏதாவது குறை சொன்னால் 'இது பூமணியின் கதை, அந்த வாழ்க்கைக்குள்ளிருந்து எழுதியவர் அவர், நீ யார் குறை சொல்ல?' என்று வருவார்கள். எழுத்தாளரின் பிறப்பைக் காட்டிப் படத்துக்குச் சான்றிதழ் வாங்குகிற வேலை இது. பூமணியோ, தலித் எழுத்தாளர் என்ற பட்டத்துக்குள் தம்மை அடைப்பதையே ஏற்காதவர். அது அவர் உரிமை. அதில் நமக்கு உடன்பாடு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆனால் அவரே வேண்டாம் என்று ஒதுக்கிய அடையாளத்தை எடுத்து, அவர் எழுதாத காட்சிகளுக்குக் கேடயமாகப் பிடிப்பது எந்த நியாயத்தில் சேரும்? மாரியம்மாளை எரித்ததும் வழக்கறிஞர் சேஷாத்ரியைப் படைத்ததும் பூமணி அல்ல. அதற்கான பாராட்டும் வசவும் படத்தை எடுத்தவர்களுக்கே போக வேண்டும்.

மூலத்துக்கு உண்மையாக இருப்பது தன்னளவில் ஓர் அறம் என்ற நம்பிக்கையும் நம்மிடையே இருக்கிறது. இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' ஒன்றே அதை உடைக்கப் போதும். கீழ்வெண்மணியை வைத்து எழுதப்பட்டு 1975இல் வந்து, சாகித்ய அகாதமி விருதும் பெற்ற நாவல். 44 உயிர்களை எரித்த நிலவுடைமையின் கொடூரத்தை நிலக்கிழாரின் ஆண்மைக் குறைவோடு முடிச்சுப்போட்டது. இடதுசாரிகள் அன்றே கடுமையாக எதிர்த்தார்கள். அந்த நாவலை அடியொற்றி 1983இல் ஸ்ரீதர் ராஜன் 'கண் சிவந்தால் மண் சிவக்கும்' எடுத்தார். அப்படி எடுக்கும் ஒருவர் அந்த முடிச்சை அவிழ்த்தெறிந்தால் துரோகமா, காப்பாற்றினால் விசுவாசமா? நாவலின் குறையைப் பத்திரமாகக் கொண்டுவந்து திரையில் சேர்ப்பதற்குப் பெயர் நேர்மை அல்லவே.

இன்னொன்றையும் கவனியுங்கள். இதே வெற்றிமாறனின் 'விசாரணை', மு. சந்திரகுமாரின் 'லாக்கப்' நூலிலிருந்து வந்தது. கோவையில் ஆட்டோ ஓட்டியவர், குண்டூரில் காவல்துறையிடம் தாம் பட்டதை எழுதினார். படத்தின் பின்பாதி, கணக்காளரின் கதை முழுக்க, நூலைத் தாண்டிப் போகிறது. 'லாக்கப்பைச் சிதைத்துவிட்டார்கள்' என்று இலக்கிய வட்டங்களில் இந்த அளவு சண்டை நடந்ததாக எனக்கு நினைவில்லை. மூலத்துக்கு மரியாதை என்பதிலும் எந்த மூலத்துக்கு, யாருடைய மூலத்துக்கு என்றொரு படிநிலை இருக்கிறது போலும்.

இனிப் படத்துக்கு வருவோம். அதை எதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது?

என் பார்வையில் 'அசுர'னுக்கு மூலம் 'வெக்கை' மட்டுமல்ல, 'தேவர் மக'னும்தான். 1992இல் 'தேவர் மகன்', அதே ஆண்டு 'சின்னக் கவுண்டர்', 1994இல் 'நாட்டாமை'. நிலம் யாரிடம் இருக்கிறதோ அவரிடமே நீதியும் இருக்கும் என்று ஒரு தலைமுறைக்குத் திரையரங்கம் பாடம் நடத்தியது. பஞ்சாயத்து என்றால் திண்ணையில் உட்கார்ந்திருப்பவரின் முகம்தான் நமக்குக் காட்டப்பட்டது. கீழே கைகட்டி நின்றவர்கள் கூட்டமாக மட்டுமே இருந்தார்கள். அரிவாள் தென்மாவட்டத்தின் வீரச்சின்னமாக ஆக்கப்பட்டது. யாருடைய கையில் இருந்தால் வீரம், யாருடைய கையில் இருந்தால் குற்றம் என்பதும் சேர்த்தே சொல்லித்தரப்பட்டது. சிவசாமி அரிவாளை எடுத்தபோது திரையரங்கில் எழுந்த கூச்சலை அந்த முப்பது ஆண்டுகளோடு சேர்த்துத்தான் புரிந்துகொள்ள முடியும். நாவலைப் படித்த நண்பர்கள் சிலருக்கு அந்தக் கூச்சல் அருவருப்பாக இருந்தது. நாவலின் அப்பன் இப்படிச் சண்டை போடுகிறவன் அல்லவே என்றார்கள். அவன் அல்லதான். ஆனால் திரையில் கைகட்டி நிற்பவராக மட்டுமே தம்மைப் பார்த்துப் பழகிய மக்களிடம், 'உங்கள் கைதட்டல் நாவலின் தொனிக்கு ஒத்துவரவில்லை' என்று சொல்வதில் ஏதோ பொருந்தாமல் இருக்கிறது.

படம் தன் சொந்த வலிமையில் சாதித்த இடம் வேறு. பிள்ளைகள் கோழைத்தனம் என்று நினைப்பது, உண்மையில் ஒரு படுகொலையின் நினைவு. எரிந்த சேரியைப் பார்த்தவன் அடுத்த முறை வாயைத் திறக்கும் முன் தன் வீட்டைத் திரும்பிப் பார்க்கிறான். நம் தாத்தாக்களின் குனிந்த முதுகைப் பற்றி நமக்கே ஒரு கூச்சம் இருக்கிறது. 'ஏன் அன்றைக்கே எதிர்த்துக் கேட்கவில்லை?' என்று அவர்களிடம் கேட்டிருக்கிறோம். அந்தக் கேள்விக்குப் படத்தின் முதல் பாதி ஒரு பதிலை வைத்திருக்கிறது. ஒவ்வொரு வாசலாகப் போய்க் காலில் விழும் சிவசாமியின் முகத்தில் பயம் மட்டும் இல்லை, கணக்கும் இருக்கிறது. ஒரு மகனின் உயிருக்கு எத்தனை வாசல் என்ற கணக்கு. நாவலில் தேடினால் கிடைக்காத ஒன்று இது. படம் தானே கண்டுபிடித்தது.

கண்டுபிடித்ததைப் படம் கடைசிவரை நம்பியிருக்கலாம். நம்பவில்லை. பணிந்து போனவனின் துணிச்சலை நமக்குக் காட்டிவிட்டு, அது போதாதென்று பயந்து, அவன் 'உண்மையிலேயே' வீரன்தான் என்று சண்டையால் மெய்ப்பிக்கிறது. சண்டை போடத் தெரியாமலே பணிந்துபோன சிவசாமிகள்தாம் ஊரில் அதிகம். அவர்களுக்கு இந்தப் படத்தில் என்ன மரியாதை? இது நாவலிலிருந்து விலகியதால் வந்த குறை அல்ல. நாவலே இல்லாமல் இதே கதை எழுதப்பட்டிருந்தாலும் இந்தக் குறை இங்கேதான் இருந்திருக்கும்.

அந்த அம்மா கேட்ட கேள்வியும் இதோடு சேர்ந்தது. மாரியம்மாளின் தலையில் செருப்பு ஏறியதும் கதை அவளைவிட்டு இறங்கி அவன் கோபத்தின் மீது ஏறிக்கொள்கிறது. அவமானப்பட்டவள் அவள், திருப்பி அடிக்கும் உரிமை அவனுக்கு. எரிந்தவள் அவள், எரிகிற நெஞ்சு அவனுக்கு. அவள் அந்தச் செருப்பை ஆசைப்பட்டுப் போட்டு நடந்த சில நாட்களில் என்ன நினைத்தாள், மறுநாளும் அதே தெருவில் போவேன் என்று நினைத்தாளா என்று படம் ஒரு நிமிடம் நின்று கேட்கவில்லை. செருப்புப் போட்டு நடப்பதைப் போராட்டமாகவே நடத்திய மக்களின் வரலாற்றில் பெண்கள் எத்தனையோ பேர். திரையில் அவர்கள் ஆணின் கோபத்துக்கு எரிபொருளாகவே வருகிறார்கள். மஞ்சு வாரியர் ஏற்ற பச்சையம்மாளுக்காவது துக்கம் சுமக்கவும் கோபப்படவும் இடம் கிடைத்தது.

குடிசைத் தீ பார்த்தவர் எவருக்கும் கீழ்வெண்மணியை நினைவூட்டும். 1968 டிசம்பர் 25. இங்கேயும் படத்தை அளக்கவேண்டியது வரலாற்றைக் கொண்டுதான், நாவலைக் கொண்டு அல்ல. கீழ்வெண்மணியில் சங்கம் இருந்தது. விவசாயத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு அமைப்பாக நின்றார்கள், அதற்காகத்தான் எரிக்கப்பட்டார்கள். கைதான நிலக்கிழார்களை உயர்நீதிமன்றம் விடுவித்த பிறகும் அந்த மக்கள் அதே மண்ணில் சங்கமாக நின்றார்கள். படத்தில் தீயை அடுத்து நாம் பார்ப்பது தனி ஒருவனின் அரிவாளை. ஓர் ஊரின் சாவு ஒரு நாயகனின் கடந்த காலமாகச் சுருங்குகிறது. தஞ்சையின் தீயைத் தெற்கே கொண்டுவந்து பஞ்சமி நிலத்தோடு இணைத்ததைக்கூட நான் குற்றமாகச் சொல்லமாட்டேன். கதை சொல்கிறவருக்கு அந்த உரிமை உண்டு. கொண்டுவந்தபோது சங்கத்தை வழியில் எங்கோ இறக்கிவிட்டார்கள் என்பதுதான் என் வருத்தம்.

பஞ்சமி நிலத்தைப் பற்றிச் சொல்லாமல் முடியாது, ஏனென்றால் படத்தின் ஆகப்பெரிய அரசியல் செயல் அதுதான். செங்கல்பட்டு ஆட்சியர் பொறுப்பில் இருந்த திரமென்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கையும், 1892இல் வந்த 1010, 1010ஏ அரசாணைகளும், பஞ்சமர்களுக்கென்று ஒதுக்கப்பட்ட ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கரும் நம் கூட்டங்களில் பல்லாண்டாகச் சொல்லிவரும் செய்திகள். பத்தாண்டுகளுக்கு விற்கக்கூடாது, அதன்பிறகும் ஒடுக்கப்பட்ட மக்களுக்குள் மட்டுமே கைமாறலாம் என்பது நிபந்தனை. இன்று அந்த நிலம் யார் கையில் இருக்கிறது என்பதை யாரும் போய்க் கேட்டுக்கொள்ளலாம். காரணையில் அதைக் கேட்டு எழுந்த போராட்டத்தில்தான், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் காவல்துறை சுட்டு, ஜான் தாமசும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். துண்டறிக்கைகளிலும் நினைவுநாள் கூட்டங்களிலும் மட்டுமே புழங்கிவந்த அந்தச் சொல்லை ஒரு நட்சத்திரப் படம் கோடிக்கணக்கானவர்களின் காதில் போட்டது. மு.க. ஸ்டாலின் படத்தைப் பாராட்டி எழுதினார், பா.ம.க. நிறுவனர் ராமதாசு முரசொலி அலுவலகம் இருக்கும் நிலத்தைப் பற்றிக் கேள்வி எழுப்பினார். விவகாரம் தேசியப் பட்டியல் சாதியினர் ஆணையம் வரை போனது. 12 லட்சம் ஏக்கர் பற்றிய பேச்சு, ஓர் அலுவலகத்தின் பட்டா பற்றிய பேச்சாகச் சுருங்கி ஓய்ந்தது. அந்தச் சுருக்கத்துக்குப் படம் பொறுப்பல்ல.

ஆனால் ஒன்றுக்குப் பொறுப்பு. நிலத்துக்காக இரண்டு தலைமுறை சாவைக் காட்டிவிட்டு, முடிவில் நிலத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள், படிப்பைப் பிடுங்க முடியாது என்ற பொருளில் அப்பன் மகனுக்கு அறிவுரை சொல்கிறான். கல்வியின் அருமையை அம்பேத்கரின் பிள்ளைகளுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. படித்தவர்களிடமிருந்து எதையும் பிடுங்க முடியாது என்பது மட்டும் உண்மையா? ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் 2016இல் ரோகித் வெமுலாவுக்கு நடந்தது என்ன? படம் எழுப்பிய கேள்வி நிலம். அது கொடுத்த பதில் பள்ளிக்கூடம். நடுவில் நிலம் வடக்கூரிலேயே இருந்துவிட்டது. சொல்லப்போனால் அந்த வடக்கூர் என்ற பெயரையும் யோசித்துப் பார்க்கலாம். ஒடுக்கப்பட்டவர் யார் என்பதைப் பஞ்சமி, செருப்பு என்று படம் தெளிவாகக் காட்டுகிறது; ஒடுக்குகிறவரின் சாதி மட்டும் ஒரு திசைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. நாவலின் மௌனத்தைப் படம் உடைத்தது என்று நாம் மகிழ்ந்தோமே, பாதியைத்தான் உடைத்தது.

பாராட்டோ குறையோ, இவற்றில் எதையும் 'வெக்கை' படித்தவர்தான் சொல்ல முடியும் என்றில்லை. 2021இல் தெலுங்கில் 'நாரப்பா'வாக இதே கதையைப் பார்த்தவர்களில் பூமணியின் பெயரையே கேட்டிராதவர்கள் எத்தனை பேர். திரையில் பார்த்ததை வைத்து அவர்கள் பேசத்தான் செய்வார்கள். பேசவும் வேண்டும்.

பிரித்துப் பார்ப்பதால் நாவலுக்கும் நன்மைதான். இன்று பலருக்கு அது 'அசுரன் படத்தின் கதை'. சண்டையை எதிர்பார்த்துப் புத்தகத்தைத் திறந்து, காட்டுக்குள் அலையும் இரண்டு பேரின் பசியையும் உறக்கத்தையும் படித்து ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும். மூத்த மகனைப் பறிகொடுத்தவன், இளைய மகன் கொலைகாரனாக வந்து நிற்கும்போது அவனுக்குச் சோறு தேடப் போவதைப் போல ஒன்றை நம் எழுத்தில் நான் அதிகம் பார்த்ததில்லை. அங்கே செய்த காரியம் கடைசிவரை பையனுடையதாகவே இருக்கிறது. அப்பன் அதைத் தன் தோளுக்கு மாற்றிக்கொள்வதில்லை, பக்கத்தில் நடக்கிறான். படத்தின் சிவசாமி பழியை ஏற்றுக்கொண்டது தியாகம் என்றால், நாவலின் அப்பன் ஏற்றுக்கொள்ளாமல் உடன் நடப்பதற்கு என்ன பெயர்? தனுஷின் முகத்தை அந்தப் பக்கங்களிலிருந்து கழற்றி வைத்துவிட்டுப் படித்தால் மட்டுமே இந்தக் கேள்வி எழும். பூமணி சினிமா தெரியாதவருமல்லர். தீப்பெட்டித் தொழிலில் கருகும் பிள்ளைகளைப் பற்றி 'கருவேலம்பூக்கள்' படத்தை இயக்கியவர். எழுத்தில் சொல்வதை எழுத்தில் சொல்லத் தெரிந்தவர்.

படிப்பு வட்டத்தில் அடுத்த கூட்டத்துக்கு 'வெக்கை'யைச் சத்தம்போட்டு வாசிப்பது என்று முடிவு செய்தோம். அந்தக் கல்லூரித் தோழரே வாசிக்க ஒப்புக்கொண்டார். ஞாயிறு மாலை, இருபது பேர், முதல் அத்தியாயம். சித்தாள் வேலைக்குப் போகும் அந்த அம்மா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். நிறுத்தியதும் கண்ணைத் திறந்தார்.

"இதுல அந்தப் பிள்ள மாரியம்மா வரமாட்டாளா?"

வரமாட்டாள் என்றார் தோழர்.

"சரி, இவுக அம்மா என்ன ஆனா? அதப் படிங்க."